ஹாலம் பள்ளியின் ஒன்பது வகுப்புகள்

அர்லீன் ப்ளூர்டைப் பற்றி ஹாலம் ஊரில் விசாரித்தால், நல்ல பெண்மணி என்று சொல்ல யாரும் அவசரப்பட மாட்டார்கள். "வேலை தெரிஞ்சவ" என்பார்கள். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்கு இந்தப்பக்கம் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கிற அரூஸ்டுக் மாவட்டத்தில் அதற்கு மேல் ஒருவரைப் பற்றிச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்தது கடன் கேட்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஹாலம் உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு இது இருபத்தொன்பதாவது வருடம். முதல் ஒன்பது வருடம் அலுவலகத்தில் தட்டச்சு. பிறகு பக்கத்திலிருந்த விமானப்படைத் தளத்தை மூடினார்கள். ஒரே கோடையில் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் பெற்றோருடன் தெற்கே போய்விட்டார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆலோசகரும் போய்விட்டார். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் இத நீ பாத்துக்கோ" என்று அந்த மேசையை அர்லீனிடம் கொடுத்தார்கள். வேறு ஆள் கிடைக்கவேயில்லை. ஏழு கோடைக்காலம் கல்லூரிக்குப் போய்ப் படித்து, அந்த மேசைக்கு வேண்டிய சான்றிதழை அவரே வாங்கிக்கொண்டார்.

அந்த மேசையோடு வந்த வேலைகளில் ஒன்று, பள்ளியின் அறிமுகத்தாள். முன்னும் பின்னுமாக ஒரே தாள். ஹாலமிலிருந்து எந்தப் பிள்ளை எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் மதிப்பெண் பட்டியலோடு இந்தத் தாளும் போகும். பட்டியல் பிள்ளையைப் பற்றிச் சொல்லும். தாள் பள்ளியைப் பற்றிச் சொல்லும். இறுதி வகுப்பில் எத்தனை பேர், எத்தனை மதிப்பெண்ணுக்கு என்ன தரம், போன வருடம் எத்தனை பேர் மேலே படிக்கப் போனார்கள், என்னென்ன பாடங்கள் நடக்கின்றன. ஹாலமில் தொண்ணூற்று மூன்றுக்கு மேல்தான் முதல் தரம். அது தாளில் இல்லாவிட்டால், தொண்ணூற்றிரண்டு வாங்கிய பிள்ளையைத் தொலைவில் உட்கார்ந்து படிப்பவர் சோம்பேறி என்று எண்ணிவிடலாம். இறுதி வகுப்பில் முப்பத்தொரு பேர்தான் என்பதும் தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "வகுப்பில் நான்காவது" என்பதற்கு என்ன எடை என்று அவருக்குத் தெரியாது.

அர்லீனுக்கு இந்தத் தாள்மேல் தனிப் பிரியம் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஆகஸ்டு முதல் வாரமும் போன வருடத்துத் தாளை எடுத்து, மேலே வருடத்தை மாற்றி, பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றி, அச்சுக்குக் கொடுப்பார். அரைநாள் வேலை.

அந்த வருடமும் அப்படித்தான் மாற்றினார்.

செப்டம்பர் கடைசியில் கிழங்கு அறுவடைக்காகப் பள்ளியை மூன்று வாரம் மூடினார்கள். காலை ஐந்து மணிக்கு வானொலியில் இன்று யார் யார் நிலத்தில் தோண்டுகிறார்கள் என்று வாசிப்பார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, ஆசிரியர்களில் பாதிப்பேரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் பூட்ஸை மாட்டுவார்கள். அர்லீன் எப்போதும் லீலண்ட் ஹிச்சிங்ஸின் நிலத்துக்குப் போவார். லீலண்ட் அவருடைய ஒன்றுவிட்ட அக்காவின் கணவர். பள்ளி வாரியத்துக்கும் அவர்தான் தலைவர். அறுவடை இயந்திரத்தின் மேல் இரண்டு பக்கமும் நான்கு நான்கு பேராக நின்று, ஓடுகிற பட்டையில் வரும் கிழங்குக்கு நடுவிலிருந்து கல்லையும் மண்கட்டியையும் பொறுக்கி எறிய வேண்டும். பக்கத்திலேயே லாரி ஊர்ந்து வரும். அந்த லாரியை ஓட்டியவன் ரெமி கெரெட். போன ஜூனில் ஹாலமில் படிப்பை முடித்தவன். வகுப்பில் இரண்டாவது.

பதினொரு மணி இருக்கும். அர்லீனின் மேல்சட்டைக்குள் தொலைபேசி அடித்தது. விடுமுறையில் பள்ளிக்கு வரும் அழைப்புகள் அவருடைய தொலைபேசிக்குத்தான் திரும்பும். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு எடுத்தார்.

"ஹாலம் ஹைஸ்கூல்ங்களா? அப்பாடா! ரெண்டு நாளா அடிக்கிறேன். ஸ்கூலயே மூடிட்டாங்களோன்னு நெனச்சேன்."

"இன்னும் மூடல. அதுக்கு நவம்பர்லதான் ஓட்டு."

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க யாரு?"

ஆஷ்க்ராஃப்ட் என்றான். மாசச்சூசெட்ஸில் ஒரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவன். மெய்ன் மாநிலத்து விண்ணப்பங்கள் இனி அவன் பொறுப்பு.

"பின்னாடி என்ன சத்தம் அது?"

"உருளைக்கிழங்கு" என்றார் அர்லீன். இயந்திரத்திலிருந்து இறங்கி வரப்பு ஓரத்துக்கு நடந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பழகிக்கறதுக்காக உங்க ஸ்கூல் ஃபைல அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துப் பாத்தேன். யாரு எவருன்னு சொல்லக் கூடாது. ஆனா எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. உங்க தாள்ல கல்லூரித் தரத்து வகுப்பு ஒன்பது இருக்கு. உங்க முதல் பிள்ளைகூட நாலுக்கு மேல எடுத்ததில்ல. விண்ணப்பப் படிவத்துல நீங்க 'பள்ளியில் இருப்பதிலேயே கடினமான பாடங்கள்'னு டிக் பண்றீங்க. போன வருஷம் எங்க கமிட்டில ஒருத்தர் கேட்டாராம், அப்ப மீதி அஞ்ச ஏன் விட்டான்னு."

அர்லீன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"மீதி அஞ்சு இல்ல."

"இல்லன்னா?"

"நடத்த ஆள் இல்ல. ரொம்ப வருஷமா இல்ல."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "தாள்ல இருக்கே, மேடம்" என்றான் ஆஷ்க்ராஃப்ட். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாத குரல்.

இயந்திரத்தின் மேலிருந்து லீலண்ட் கத்தினார். "அர்லீன்! கல்லெல்லாம் கிழங்கோட குடித்தனம் போவுது! ஃபோன்ல யாரு, ஜனாதிபதியா?"

அன்று மாலை வரைக்கும் அர்லீன் கல் பொறுக்கினார். பட்டையில் வந்ததில் பாதியைக் கோட்டைவிட்டார் என்று பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் மழை. தோண்டவில்லை. அர்லீன் பூட்டிக்கிடந்த பள்ளியைத் திறந்து, தன் அறை அலமாரியிலிருந்து பழைய தாள்களை எல்லாம் எடுத்து வருட வரிசையில் மேசைமேல் பரப்பினார். மொத்தம் இருபது.

விமானப்படைத் தளம் இருந்த காலத்தில் ஒன்பது வகுப்புகளும் நிஜமாகவே நடந்தன. தளம் போன பிறகு இரண்டாம் வருடம் இயற்பியல் ஆசிரியர் போனார். வேறு ஒருவர் வருவார் என்று அர்லீன் அந்த வரியை விட்டுவைத்தார். அடுத்து வேதியியல். அடுத்து ஐரோப்பிய வரலாறு, புள்ளியியல். கடைசியில் பிரெஞ்சு, வீட்டில் பாதிப்பேர் பிரெஞ்சு பேசுகிற ஊரில் அதை நடத்த ஆள் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் தாள் முழுப் பொய்யாகிவிடவில்லை. பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: "ஆசிரியரும் போதிய மாணவரும் இருந்தால் மட்டுமே நடைபெறும்."

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தாளில் அந்த வரி இருந்தது. அதற்கடுத்த வருடத்துத் தாளில் இல்லை.

ஏன் இல்லை என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அந்த வருடம்தான் தாளின் தலையில் ஒரு படம் சேர்த்தார்கள். ஜூலையில் கிழங்குச் செடி பூத்து வெள்ளையாகக் கிடக்கும் நிலம், அதற்குப் பின்னால் பள்ளிக் கட்டடம். எல்லோருக்கும் பிடித்த படம். அதற்கு இடம் போதவில்லை. அர்லீன் தன் கையாலேயே கீழே இருந்த ஒரு வரியை எடுத்தார்.

போன வருடம் ஆஷ்க்ராஃப்டின் கல்லூரிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காத ரெமியின் கோப்பையும் எடுத்துப் பார்த்தார். நான்கு வகுப்புகளையும் எடுத்து நான்கிலும் முதல் தரம். படிவத்தில் "இருப்பதிலேயே கடினமானது" என்ற கட்டத்தில் அர்லீனின் டிக். அது உண்மை. ஆனால் கூடவே போன தாள், டிக் போட்டவரைப் பொய்யராக்கியது. இரண்டையும் அனுப்பியது ஒரே கைதான். படிக்கிறவர் எதை நம்புவார்? அச்சடித்ததைத்தான்.

சிறுவயதில் அர்லீனும் கையால் கிழங்கு பொறுக்கியவர். அப்போது நிலத்துக்காரர் அடியெடுத்து அளந்து ஆளுக்கு ஒரு பகுதி கொடுப்பார். ஒரு வருடம் அர்லீனுக்குப் பாறை விளிம்பையொட்டிய பகுதி கிடைத்தது, அண்ணனுக்கு நடுநிலம். சாயங்காலம் நிலத்துக்காரர் வண்டியில் வந்து, யார் எத்தனை பீப்பாய் கிழங்கு நிரப்பினார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார். எந்தப் பகுதி என்று அவர் கேட்கவில்லை; கேட்க வேண்டியதில்லை, கொடுத்தவரே அவர்தான். மாசச்சூசெட்ஸில் இருக்கிறவருக்கு அதை யாராவது எழுதித்தான் தெரிவிக்க வேண்டும். எழுதும் வேலை அர்லீனுடையது. பாறை விளிம்பில் நின்ற பிள்ளையை நடுநிலத்தில் நின்றதாக எழுதி அனுப்பியிருக்கிறார். ஒரு வருடம் அல்ல, பதினோரு வருடம்.

தலைமையாசிரியர் வெண்டல் அம்ஃப்ரியும் மழை என்பதால் அன்று பள்ளியில்தான் இருந்தார். வெண்டலுக்கு நாற்பத்தாறு வயது. அவர் இங்கே மாணவராக இருந்தபோது அவருடைய மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்தவர் அர்லீன். மற்றவர்கள் முன்னால் "மிஸ்டர் அம்ஃப்ரி". கதவு சாத்தியிருந்தால் "வெண்டல்".

அர்லீன் கதவைச் சாத்தினார்.

வெண்டல் எல்லாவற்றையும் கேட்டார். நாற்காலியைச் சுழற்றி ஜன்னலைப் பார்த்தார்.

"இப்ப நாலுன்னு போட்டா என்ன ஆகும் தெரியுமா? ஸ்கூல மூடிட்டுப் பக்கத்து ஊரோட இணைக்கணும்னு சுத்திட்டிருக்காங்களே, அவங்க அந்தத் தாள மேடையில ஏறி வாசிப்பாங்க. 'பாருங்க, பக்கத்து ஊர்ல பதினாலு, இங்க நாலு'ன்னு. நவம்பர் நாலாம் தேதி ஓட்டு, அர்லீன். அஞ்சாம் தேதி மாத்திக்கோ. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நோயெல் கெரெட்டுக்கு ஒண்ணாம் தேதி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்."

நோயெல், ரெமியின் தங்கை. இந்த வருடத்து முதல் மாணவி. அண்ணன் கேட்டுக் கிடைக்காத அதே கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கிறாள்.

"அவளுக்குத் தனியா லெட்டர்ல எழுதிடு."

"லெட்டர்ல நாலு, தாள்ல ஒன்பது. பழையபடி அதே கததான்."

"ஒரு பிள்ளைக்காக ஸ்கூலயே தூக்கிக் குடுக்கச் சொல்றியா?"

அது முட்டாள்தனமான கேள்வி அல்ல. பள்ளி போனால் பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஜனவரிப் பனியில் இருபத்தைந்து மைல் பேருந்தில் போக வேண்டும். இருபத்திரண்டு பேருக்கு வேலை போகும். அர்லீன் அதில் ஒருவர். வெண்டல் பயந்தது தன் நாற்காலிக்காக மட்டுமல்ல.

"நான் சொல்லாம அந்தத் தாள் போகக் கூடாது" என்றார் வெண்டல். குரலில் அதிகாரத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம்.

மழை விட்ட மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அர்லீன் கிழங்குக் கிடங்குக்குப் போனார். பாதி மண்ணுக்குள் புதைந்த கட்டடம். வாசலில் லாரிப் படியில் உட்கார்ந்து ரெமி பக்வீட் என்கிற தானிய மாவில் சுட்ட, அந்த ஊரில் ப்ளோய் என்று சொல்லும் அடைக்கு வெண்ணெய் தடவிச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க மிஸஸ் பி. முந்தா நாள் உங்க புண்ணியத்துல நாங்க கல்லத்தான் அதிகம் ஏத்தினோம்."

"ரெமி, போன வருஷம் உன் விண்ணப்பத்தோட நான் அனுப்புன தாள் தப்பு."

அவன் சுருட்டுவதை நிறுத்தினான். அர்லீன் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, படத்தையும் வரியையும் மறைக்கவில்லை.

"ஃபிசிக்ஸா?" என்றான் ரெமி. "அந்த ரூம்லதான குஸ்தி பாயெல்லாம் அடுக்கி வெச்சிருக்கு?"

"ஆமா."

"பாயப் படிக்கலன்னு என்னக் கழிச்சிட்டாங்களா?" சிரிக்கப் பார்த்தான். "அதனாலதான் கிடைக்கலன்னு சொல்றீங்களா?"

"தெரியாது. பத்துப் பேர் கேட்டா ஒருத்தருக்குக் குடுக்கற இடம் அது. ஆனா அதனால இல்லன்னு என்னால சொல்ல முடியல."

ரெமி கிடங்குக்குள் இருட்டைப் பார்த்தான். "நான் கட்டுரைதான் மோசம்னு நெனச்சேன். ஆறு மாசமா லாரி ஓட்டிக்கிட்டே அத மண்டைக்குள்ள திருப்பித் திருப்பி எழுதிட்டிருக்கேன், மிஸஸ் பி. இப்பப் பிரமாதமா இருக்கு. கேக்கத்தான் ஆளில்ல."

திட்டியிருந்தால் அர்லீனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. அடையை இரண்டாகப் பிய்த்தான். ஒரு பாதியை அவரிடம் நீட்டவுமில்லை.

"நோயெலுக்கு எந்தத் தாள் போவுது?"

"பாக்குறேன்."

"உங்க ஆஃபீஸ்ல பாக்குறேன்னா என்னன்னு எனக்குத் தெரியும்" என்றான் ரெமி. லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அக்டோபர் பாதியில் பள்ளி திறந்தது. அர்லீன் தாளை முதலிலிருந்து எழுதினார். அரைநாள் வேலைக்கு ஒன்பது நாள் பிடித்தது. கல்லூரித் தரத்து வகுப்புகள் நான்கு: ஆங்கிலம், அமெரிக்க வரலாறு, உயிரியல், நுண்கணிதம். வேறு ஐந்து முன்பு இருந்தன. ஆசிரியர் இல்லாததால் இப்போது இல்லை. நுண்கணிதமும் உயிரியலும் ஒரே மணியில் நடக்கின்றன. இரண்டையும் எடுக்கும் பிள்ளை ஒன்றைத் தானாகவே படிக்க வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் எழுதியபின்தான் இன்னொன்று அவருக்கு உறைத்தது. இத்தனை வருடத்துத் தாள்களில் எதிலும் அறுவடை விடுமுறை பற்றி ஒரு சொல் இல்லை. யாரும் எழுதாததற்குக் காரணம், அது தெரியாத மனிதர் உலகத்தில் இருப்பார் என்று ஹாலமில் யாருக்கும் தோன்றாததுதான். பள்ளி ஏன் ஆகஸ்டிலேயே திறக்கிறது, செப்டம்பரில் ஏன் மூன்று வாரம் தொலைபேசியை எடுக்க ஆளில்லை, விண்ணப்பம் எழுத வேண்டிய அந்த வாரங்களில் பிள்ளைகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எங்கே நிற்கிறார்கள். எழுதினார். இடம் போதவில்லை. பூத்த நிலத்தின் படத்தை எடுத்தார்.

இருபத்தேழாம் தேதி பள்ளி வாரியக் கூட்டம். உறுப்பினர்களுக்குப் போகும் காகிதக் கட்டில் புதிய தாளையும் வைத்தார். வைத்துவிட்டு மதியம் வெண்டலின் அறைக்குப் போய்ச் சொன்னார்.

"என்கிட்டக் கேக்கல நீ" என்றார் வெண்டல்.

"கேட்டா வேணாம்னு சொல்லுவ. அப்புறம் நீ தடுத்தும் நான் செஞ்ச மாதிரி ஆயிடும்."

"இப்ப மட்டும் எனக்குக் கோவம் வராதா?"

"வரட்டும். உன் மார்க்கத் தட்டச்சு பண்ணப்பவும் வந்துச்சு."

அதைத் தைரியம் என்று சொல்வது சற்று அதிகம். கூட்டத்துக்குப் போனபோது அர்லீன் காரை இரண்டு இடத்தை அடைத்து நிறுத்தினார்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஓட்டு நெருங்குகிற கூட்டம் என்பதால் எண்பது பேர் இருந்தார்கள். லீலண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார். அவர் எதையும் மெதுவாகத்தான் படிப்பார்.

"அர்லீன், ஒன்பது இருந்துச்சே. எப்ப நாலாச்சு?"

"பதினெட்டு வருஷமா கொஞ்சங்கொஞ்சமா ஆச்சு. நடந்தா மட்டும்னு கீழ ஒரு வரி இருந்துச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அத எடுத்தது நான். போட்டோவுக்கு இடம் பத்தல."

"என்ன போட்டோ?"

"கிழங்குப் பூ."

சிலர் சிரித்தார்கள். பள்ளியை இணைக்க வேண்டும் என்கிற கட்சிக்காரர் ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். "கேட்டுக்கிட்டீங்களா? நாலு! அவங்க வாயாலயே வந்துடுச்சு."

வெண்டல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் ஒரு தாய், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவள், உட்கார்ந்தபடியே சொன்னாள்: "என்னத்த வந்துச்சு? ஃபிசிக்ஸ் இல்லன்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது? எம் பொண்ணு இங்கதான படிச்சா. உங்க பையனும் இங்கதான படிச்சான். ஒன்பதுன்னு நெனச்சுக்கிட்டா இத்தன நாளா ஸ்கூல் வேணும்னு சொன்னோம்?"

"ஃப்ரெஞ்சு இல்லன்னும் தெரியும்" என்றார் இன்னொருவர், பிரெஞ்சில். இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள்.

முன்வரிசைக்காரர் உட்கார்ந்தார். லீலண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப இந்த ரூம்ல யாரும் ஏமாறல" என்றார். "பின்ன யாருதான் ஏமாந்தது, அர்லீன்?"

"பிள்ளைங்க விண்ணப்பத்தப் படிச்சவங்க."

சிரிப்பு நின்றது. அந்த எண்பது பேரில் பிள்ளையை எங்காவது விண்ணப்பிக்க வைத்தவர்கள் பாதிக்கு மேல். அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்கு வந்த கடிதத்தை நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அர்லீனுக்கு அங்கே நிற்பது கடினமாக இருந்தது. ஆனாலும் நின்றார். ரெமியின் அம்மா மூன்றாம் வரிசையில் இருந்தாள். அவளுடைய கண்ணைத் தவிர்க்கவும் இல்லை.

வெண்டல் எழுந்தார். என்ன சொல்வது என்று முடிவுசெய்துகொண்டு எழுந்த மாதிரித் தெரியவில்லை.

"இந்தத் தாள்தான் போகும்" என்றார். பிறகு, ஏதாவது சேர்க்க வேண்டும் என்பதுபோல, "ரெண்டாம் பக்கத்துல ஓரமா இடம் கெடந்தா அந்தப் பூவ சின்னதாப் போடு, அர்லீன்" என்றார்.

இடம் கிடைக்கவில்லை. முப்பதாம் தேதி நோயெலின் விண்ணப்பத்தோடு பூ இல்லாத தாள் போயிற்று.

நான்காம் தேதி ஓட்டில் பள்ளி பிழைத்தது. அறுபத்து மூன்று ஓட்டு வித்தியாசம். பேருந்துச் செலவுதான் காரணம் என்றார்கள் சிலர். பக்கத்து ஊர் கூடைப்பந்து அணியோடு நம் பிள்ளைகள் ஒரே சட்டை போடுவதா என்பதுதான் காரணம் என்றார்கள் பலர். தாளைப் பற்றி யாரும் பேசவில்லை.

நவம்பர் நடுவில் ஆஷ்க்ராஃப்ட் மறுபடி கூப்பிட்டான். "நிஜமாவே பன்னெண்டு மணி நேரமா?"

"மழ பேஞ்சா இல்ல."

"அப்ப இந்தப் பொண்ணு ரெண்டுல ஒண்ணத் தானாவே படிச்சதா..."

"நீங்க யாரு எவருன்னு சொல்லக் கூடாதுல்ல?"

அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி நோயெல் வெறும் காலுறையோடு பனியில் ஓடிவந்து அர்லீனின் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் கடிதம் இருந்தது. இடம் கிடைத்திருந்தது. தாளால் கிடைத்ததா, தாள் இல்லாமலும் கிடைத்திருக்குமா என்று அர்லீனால் சொல்ல முடியாது. ரெமியின் விஷயத்தில் சொல்ல முடியாததைப் போலவே.

அன்றைக்கு மறுநாள் அர்லீன் யாரும் கேட்காத ஒரு வேலையைச் செய்தார். போன வருடத்துத் தாளைத் திருத்தினார். ரெமி படித்து முடித்த வருடத்துக்கான தாள், நான்கு வகுப்புகள், இறுதி வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். அதை அவனுடைய கோப்பில் வைத்தார். அவனிடம் சொல்லவில்லை. நோயெலிடம் மட்டும் போகிறபோக்கில் சொன்னார்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை ரெமி வந்தான். பூட்ஸிலிருந்த பனியை உதறாமல் உள்ளே வந்து, கோப்பைக் கேட்டு வாங்கி, நின்றபடியே தாளைப் படித்தான். இரண்டு பக்கத்தையும் படித்தான்.

"மூணு வாரம்னு போட்டிருக்கீங்க."

"மூணு வாரம்தானே?"

"எங்க வருஷம் மழ. நாலு வாரம் மூடினீங்க. நாங்க ஜூன்ல ஒரு வாரம் கூட உக்காந்தோம்."

அர்லீன் பேனாவை எடுத்து மூன்றை அடித்து நான்கு என்று எழுதினார். பிறகு கணினியைத் திறந்து அங்கேயும் மாற்றினார். அச்சுப்பொறியிலிருந்து புதிய தாள் வெளியே வந்ததும் ரெமி சட்டைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து, பிரித்து, நீவி, மேசைமேல் வைத்தான்.

"டிக் நீங்கதான் போடணும்" என்றான்.